மூன்றாவது வளையம்

நீவெஸ் மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறுவாள். இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பாள். ஊரில் மற்ற எல்லோரும் இதற்கு நேர்மாறு. காப்பிக்கடை வாசலில் சீட்டாடுகிறவர்கள் அவளைச் சும்மா விட மாட்டார்கள்.

"என்ன நீவெஸ், சைக்கிளுக்குக் கால் வலிக்குதா?"

"உங்க வாய் வலிக்காம இருக்குல்ல, அது போதும்," என்பாள், நிற்காமல்.

அவள் தொழிலை நினைத்தால் கேலிக்கு இன்னும் இடமுண்டு. பந்தய சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கிற கவையைச் செய்கிறவளே அவள்தான். அவள் அண்ணன் எஜீதியோ சைக்கிள் சட்டத்தைப் பற்றவைப்பான். நீவெஸுக்குக் கவை. அடுத்த கொட்டகையில் நான் வர்ணம் அடிப்பேன். தன் அப்பாவின் கையைப் பார்த்துப் பார்த்து, அவர் இல்லாத நேரத்தில் கழித்துப்போட்ட குழாய்த் துண்டுகளில் பழகி, தானாகவே அந்த வேலையைப் பிடித்தவள் அவள். ப்ரெந்தா ஆற்றின் இரு கரையிலும் அவளுடைய கவைகள் ஓடிக்கொண்டிருந்தன. கவையின் மூட்டு விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பின்சக்கரம் போனால் ஆள் சறுக்குவான். கவை போனால் முகம்தான் முதலில் தரையைத் தொடும்.

கவையின் தலையில் மூன்று மூட்டுகள். மேலே போகும் தண்டு ஒன்று, கீழே இறங்கும் கால்கள் இரண்டு. அவர்கள் வீட்டு வழக்கப்படி, பித்தளைக் கம்பியைச் சிறு வளையமாகச் சுற்றி ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். வெளியிலிருந்து தீ காட்டினால், உள்ளே உருகும் பித்தளை சூட்டைத் தேடி வெளியே வரும். வருகிற வழியெல்லாம் நனைத்துக்கொண்டு வந்து, விளிம்பில் பொன்நூல் போலத் தெரியும். நூல் சுற்றிலும் தெரிந்தால் மூட்டு நிறைந்துவிட்டது. கம்பியை வெளியிலிருந்து ஊட்டினாலும் அதே நூல் தெரியும்தான். ஆனால் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

கிராப்பா மலைப் பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் போகச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீவெஸ் தலையில் துணிகூடக் கட்டாமல் வந்து நின்றாள். உள்ளங்கையை விரித்தாள். ஒரு பித்தளை வளையம்.

"ஏப்ரன் பை கிழிஞ்சிருந்துச்சு, தைக்கலாம்னு எடுத்தேன். உள்ள இருந்துச்சு."

"கூடுதலா சுத்தியிருப்ப."

"நான் எப்பவாவது கூடுதலா சுத்தியிருக்கேனா? மூணு வேணும்னா மூணுதான்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்டுச் சப்பாத்தைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் சாவு மணி அடித்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவோம். யார் என்று கேட்டு, ஒரு சிலுவை போட்டுக்கொண்டு திரும்புவோம். ரொட்டிக்கடைக் கிழவி இறந்த அன்று மணி அடித்தபோது நீவெஸ் இரண்டு வளையங்களைப் போட்டிருந்தாள். மூன்றாவது கையில் இருந்தது. சிலுவை போடக் கை வேண்டும் என்று அதைப் பைக்குள் போட்டாள். திரும்பி வந்து, அதை மறந்து, தீயைப் பற்றவைத்தாள்.

"இடது கால்ல நூல் வரத் தாமதமாச்சு. நான்தான் வெளியில இருந்து கொஞ்சம் கம்பி தொட்டேன். வந்துடுச்சு. அழகா வந்துச்சு." வளையத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "நீகூட வர்ணம் அடிச்ச. வான நீலம்."

வான நீலம் கால்தினோவின் சைக்கிள். கொத்தனார் மகன், நீவெஸை அத்தை என்று கூப்பிட்டு அவள் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவன். அன்றைய பந்தயத்தைப் பார்க்கப் பெரிய அணியிலிருந்து ஆள் வந்திருந்தார். ஜெயித்தால் அவனுக்கு வேறு வாழ்க்கை.

"புதுச் சைக்கிளை ஒரு வாரமா ஓட்டுறானே, ஒண்ணும் ஆகலியே?"

"ஒரு வாரமா சமதரையில ஓட்டுறான். இன்னிக்கு மலை இறங்குவான். வண்டிய எடு, போர்த்தொலோ."

எஜீதியோ ஏற்கெனவே உதவி வண்டியில் பந்தயத்தின் பின்னால் போய்விட்டான். பந்தயக்காரர்கள் தெற்குப் பக்கமாகச் சுற்றி ஏறுவார்கள். பழைய ராணுவப் பாதையில் போனால் அவர்களுக்கு முன்னால் உச்சியைப் பிடிக்கலாம். என் மூன்று சக்கர வண்டியில் ஏறினோம். பின்னால் வர்ண டப்பாக்கள் உருண்டன.

"இது ஓடுதா, நடக்குதா?"

"உன்னை ஏத்திக்கிட்டு இவ்வளவுதான் வரும்."

அவள் சிரிக்கவில்லை. வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாதி மலையில் எஞ்சின் கொதித்து நின்றது. மாட்டுத்தொட்டியிலிருந்து நான் தண்ணீர் மொண்டு வரும் வரை அவள் பாதை ஓரத்தில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். பனிமூட்டத்தில் எங்கோ மாட்டு மணி கேட்டது. திடுக்கிட்டுச் சிலுவை போட்டாள்.

மேலிருந்து பால்வண்டிக்காரன் ஒருவன் வந்தான். நீவெஸ் ஓடிப்போய் அவன் கதவைப் பிடித்தாள்.

"யாராவது விழுந்துட்டாங்களா?"

"யாரும்மா விழுறது? இன்னும் யாரும் ஏறியே வரல."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதல் தரவில்லை. இன்னும் நடக்கவில்லை என்றால் இனிமேல் நடக்கப்போகிறது என்றுதான் அவள் முகம் சொன்னது.

உச்சியில் பனி அடர்ந்திருந்தது. பத்து அடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பாதையின் இரு பக்கமும் ஜனங்கள் நாளிதழோடு நின்றார்கள். ஏறி வியர்த்து வருகிறவன் இறக்கத்துக் காற்றில் விறைக்காமலிருக்க, ஓடுகிற சைக்கிளிலிருந்தே இதழை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வான். அந்த ஒரு நொடிதான் அவன் வேகம் குறைப்பான். நீவெஸ் ஒருவரிடமிருந்து இதழைப் பிடுங்கிக்கொண்டு பாதை நடுவில் போய் நின்றாள்.

"அந்தம்மாவுக்குப் பைத்தியமா? தள்ளி நில்லும்மா!"

கைதட்டல் பனிக்குள் கீழிருந்து நெருங்கியது. முதலில் நீல நிறம் தெரிந்தது. கால்தினோ தனியாக வந்தான், பின்னால் ஒருவருமில்லை. நீவெஸைப் பார்த்ததும் பல்லைக் காட்டிக் கை நீட்டினான். அவள் இதழை விட்டுவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் கால் தரையில் ஊன்றியது.

"அத்தை! விடு! என்ன பண்ற?"

"இறங்குடா. கவை சரியில்ல."

"என்னது?"

"இடது கால் உள்ள காலி. நான் பண்ண தப்பு. இறங்கு."

"நாளைக்குச் சொல்லு! நான்தான் முதல்ல வர்றேன், கண்ணு தெரியலியா?"

"நாளைக்கு யார்கிட்டடா சொல்றது?"

அவன் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியாததால் அழுதுகொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினான். "அந்த ஆளு கீழ நிக்கிறாரு அத்தை, கெஞ்சிக் கேக்குறேன், விடு." நீவெஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து முன்சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் எங்களைத் தாண்டி இறங்கினார்கள். பிறகு ஒரு கூட்டமே போனது. கால்தினோ சைக்கிளை அவள்மேல் விட்டுவிட்டு, சாலையோரக் கல்லில் முகத்தை மூடி உட்கார்ந்தான். மாற்றுச் சைக்கிள் எல்லாம் பணக்கார அணிகளுக்குத்தான்.

மறுநாள் பட்டறையில் எஜீதியோ கவையை மேசைமேல் வைஸ் இடுக்கியில் பூட்டி, இடது கால் மூட்டை நெடுக அறுத்தான். கால்தினோ வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. நீவெஸ் சுவரைப் பார்த்து நின்றாள். அறுத்த பாதியை எஜீதியோ வெளிச்சத்தில் திருப்பினான். விளிம்பிலிருந்து நக அகலத்துக்குப் பித்தளை. அதற்கு மேல் முழுக்கக் கரி.

"இது விட்டிருக்குமா?" என்று கேட்டான் கால்தினோ.

எஜீதியோ விளிம்பை நகத்தால் சுரண்டினான். "பத்து வருஷம் தாங்கியிருக்கலாம். முதல் வளைவுலயே விட்டிருக்கலாம். தெரியாதுடா."

அந்தத் தெரியாததுதான் எல்லோரையும் கொன்றது. விட்டிருக்கும் என்று சொல்லியிருந்தால் கால்தினோவின் அம்மா நீவெஸின் கையை முத்தமிட்டிருப்பாள். தெரியாது என்றதால் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனாள். பெரிய அணியின் ஆள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. கால்தினோ அப்பாவோடு செங்கல் தூக்கப் போனான்.

ஆனால் குளிர்காலம் முடிந்ததும் ஒரு நாள் பட்டறைக்கு வந்தான்.

"புதுக் கவை வேணும் அத்தை. நீ பண்ணும்போது நான் பக்கத்துல நிப்பேன்."

"நில்லு."

வளையங்களை அவன் கையில் கொடுத்து, அவனையே ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். தீ பற்றியது. கவையின் தலை செந்நிறமாகிக்கொண்டிருந்தபோது சாவு மணி அடித்தது. பழக்கத்தில் எஜீதியோ அரத்தைக் கீழே வைத்தான். நான் வாசலுக்கு நடந்தேன். நீவெஸ் நகரவில்லை.

"யாருன்னு பாக்க வேணாமா அத்தை?" என்றான் கால்தினோ மெதுவாக.

"செத்தவங்க காத்திருப்பாங்க."

பொன்நூல் இடது காலில் தானாகக் கசிந்தது. முதலில் ஒரு புள்ளி, பிறகு பாதி, பிறகு சுற்றிலும். அவள் தீயை அணைத்தாள். அப்போதுதான் வாசல் பக்கம் திரும்பினாள்.

"யாரு?" என்று என்னைக் கேட்டாள்.