பஸ்ஸில் வந்த ரத்தம்

படப்பையிலிருந்து தேவராஜின் மைத்துனர் சைக்கிளில் வந்து இறங்கி, "மாமா காலைல பூட்டாரு சார்" என்றார். இனி என் வேலையில் பிழை கண்டுபிடிக்க ஆளில்லை என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. அவரோடு பழகிய உங்களிடம் இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் நான் எம்.எஸ்ஸி. படித்தவன், அவர் டிப்ளமாக்காரர். ஆனால் நோயாளிகள் அவரிடம்தான் கையை நீட்டுவார்கள். "அந்தாண்ட இருக்காரே, அவரு குத்தட்டும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. வயிறு எரியும்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினேன். காமாலைக் கிருமி ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்கிவிட்டவர்களுக்கு, உடம்பை உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. சுங்குவார்சத்திரம் முகாமில் எடுத்த நோயாளிகளின் ரத்தம் பஸ்ஸில் வரும். ஒப்பிடுவதற்கு, நலமாக இருக்கும் ஊழியர்களின் ரத்தத்தை எங்கள் அறையிலேயே எடுத்தோம். நோயாளிகளின் அளவு அதலபாதாளத்தில் இருந்தது. மாநாட்டுக்குக் கட்டுரை எழுதி முடித்து, புதுச்சட்டையும் தைத்துவிட்டேன்.

தேவராஜ் அளவுகள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அவங்க ரத்தம் வெயில்ல பஸ் ஏறி வருது. நம்ம ரத்தம் நோவாம இங்கியே குந்திகினு கீது. வழியில கெட்டுப் போவாதா சார்? இது நியாயமா?"

அவர் சொன்னது சரி என்று அந்த நொடியே தெரிந்தது. அதற்காகவே அவரை வெறுத்தேன்.

மறுவாரம் ஊழியர்கள் ஏழு பேரும் சுங்குவார்சத்திரம் போய் ரத்தம் கொடுத்தோம். நோயாளிகளிடமும் அன்றே புதிதாக எடுத்தோம். எல்லாக் குழாய்களும் ஐஸ் பெட்டியில் ஒரே பஸ்ஸில் வந்தன. வித்தியாசம் பாதிக்குமேல் கரைந்துபோனது. மிச்சம் சிறியது, ஆனால் உண்மையானது. ஒரே ஓர் எண் மட்டும் இடித்தது. நலமானவர்களில் தேவராஜின் அளவு நோயாளிகளைப் போலத் தாழ்ந்திருந்தது.

"உங்க டெஸ்ட்டும் தப்பாகும் போல இருக்கே, தேவராஜ்!" என்றேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அவர் மூன்று தடவை திரும்பச் செய்தார். மாறவில்லை. மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்ததில், அவர் ரத்தத்திலும் அந்தக் கிருமி இருந்தது. கண்ணாடிக் குழாயில் ரத்த நீரை வாயால் உறிஞ்சி எடுப்பதுதான் அப்போது எங்கள் எல்லோருடைய வழக்கமும்.

"எப்பவோ ஒரு சொட்டு உள்ள பூந்திருக்கும். வுடுங்க சார், நம்பரு சரியா வந்துச்சில்ல?" என்று சொல்லிவிட்டுக் குழாய் கழுவப் போனார்.

கட்டுரையில் என் பெயரை முதலிலும் அவர் பெயரை அடுத்தும் போட்டேன். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அதன்பின் நான்கு வருஷம் வேலை செய்தார், கல்லீரல் கெட்டு வயிறு வீங்கிப் படுக்கும்வரை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஆராய்ச்சியின் அளவுகள் எழுதிய ஒரு தாள். நலமானவர்கள் வரிசையில் தன் பெயரைத் தானே அடித்து, நோயாளிகள் வரிசையின் கடைசியில் எழுதியிருக்கிறார். எழுத்து ஓர் இடத்தில்கூடக் கோணவில்லை. என் பெயரானால் நான் அடித்திருப்பேனா? அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.