ஒரு போர்வெல், இரண்டு தோட்டம்

கர்நாடகத்தில் ஹனூருக்குப் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன நிலத்தை என் கணவரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டபோது, பிரிக்க முடியாமல் நின்றது போர்வெல் ஒன்றுதான். அது சரியாக வரப்பின் மேலேயே இருந்தது. ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை என்று பேச்சு. தோட்டத்துக்கு மின்சாரம் வருவதே சில மணி நேரம். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கடைசிப் பாத்தியை எட்டுவதற்குள் மோட்டார் நின்றுவிடும்.

ஒரு கோடையில் எங்கள் முறை வந்த நாட்களிலெல்லாம் மின்சாரம் போனது. தக்காளி கண்ணெதிரே வாடியது. ஒருநாள் மட்டும் முறையை மாற்றித் தரும்படி என் கணவர் கேட்டார், அண்ணன் தரவில்லை. அவருடைய பயிரும் வாடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து என் ஓரகத்தியும் நானும் பேச்சை நிறுத்தினோம். வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் களையெடுப்பார், இந்தப் பக்கம் நான்.

சொட்டுநீர்க் குழாய் போடலாம் என்று சொன்னது நான்தான். தாய்வீட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்தில் பார்த்திருந்தேன். அரசு மானியத்துக்கு அலைந்து ஒருவழியாகப் போட்டுவிட்டோம். மூத்தவர், அதுதான் கணவரின் அண்ணன், ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம், இப்படிச் சொட்டினால் செடிக்கு நாக்குக்கூட நனையாது என்று சொன்னாராம். ஆனாலும் தினமும் காலையில் வரப்போரம் வந்து நிற்பார். மேல்மண் காய்ந்துதான் தெரியும். ஒருநாள் குனிந்து விரலால் கிளறினார். அடியில் ஈரம் பதமாக இருந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பாதி நிலத்துக்கே போதாமல் இருந்த தண்ணீர் இப்போது எங்கள் நிலம் முழுக்கப் பாய்ந்தும் மிச்சமிருந்தது. மோட்டாரை நிறுத்திவிடட்டுமா என்று கணவர் கேட்டார். அவர்கள் பக்கம் திருப்பிவிடச் சொன்னேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, மின்சாரம் இருக்கும்போது மோட்டாரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரமே ஓரகத்தி வரப்பைத் தாண்டி வந்தார்.

"இந்தக் குழாய எங்க பக்கமும் போடோணுமாம். எப்படிப் போட்டீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றார்.

"மாமாவே கேக்கலாமுங்களே, அக்கா."

"அவரு கேப்பாரா? அதுக்குத்தான் நான் வந்தேன்."

சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்குமே.

அவர்கள் பக்கமும் குழாய் போட்ட பிறகு, அடுத்த போகத்தில் இரண்டு தோட்டமும் நிறைந்து காய்த்தன. தக்காளியை டெம்போவில் ஏற்றி மைசூர் மண்டிக்குப் போனோம். போன பிறகுதான் தெரிந்தது, எல்லா ஊர்த் தக்காளியும் அதே வாரம் வந்திருந்தது. மதியம் வரை கேட்பாரில்லை. பழம் கசிய ஆரம்பித்ததும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். திரும்பும் பஸ்ஸில் அக்கா விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு சொன்னார்: "எல்லாரும் ஒண்ணையே கொண்டாந்து கொட்டுனா எவன் வாங்குவான்? நாம கொஞ்சங் கொஞ்சமாப் பலதும் போடலாம். எல்லாத்தையும் ஒண்ணா நட வேண்டாம்."

அப்படியே செய்தோம். பீன்ஸ், கத்திரி, பாகல், கீரை, ஓரமாகப் பப்பாளி. ஒரு பாத்தி காய்ப்புக்கு வரும்போது அடுத்த பாத்தி பூவில் இருக்கும். வரிசைக்கு வரிசை தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் முடிந்ததால்தான் இது நடந்தது. மைசூரில் கட்டிட மேஸ்திரியாக இருக்கும் என் தம்பி, தான் வேலை செய்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலருகே மர நிழலில் விற்க இடம் வாங்கிக் கொடுத்தான்.

முதல் ஞாயிறு கூடையைக் கிளறிக் கெட்டியான பழத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனார்கள். நசுங்கியதுதான் எங்களுக்கு மிச்சம். கிளம்பும் நேரத்தில் ஓர் அம்மா கன்னடத்தில் "முந்தின வாரா பர்தீரா?" என்று கேட்டார். அக்கா அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், கன்னடம் அரைகுறைதான். போன வாரம் வந்தீர்களா என்று கேட்பதாக எண்ணி, "இல்லீங்க, இல்லீங்க" என்று கையை ஆட்டினார். அந்த அம்மாவின் முகம் வாடியது. கன்னடத்தில் முந்தின வாரம் என்றால் அடுத்த வாரம்; வருவீர்களா என்றுதான் அவர் கேட்டார். நான் ஓடிப்போய், கட்டாயம் வருவோம் என்று சொன்னேன்.

மறுவாரம் தோட்டத்திலேயே அக்கா தரம் பிரித்தார். கெட்டியானது மைசூருக்கு, நன்றாகப் பழுத்தது ஹனூர் சந்தைக்கு, வெடித்தது வீட்டுக்கு. அவர் பிரித்த கூடையை யாரும் கிளறவில்லை. போகப்போக, வெந்தயக்கீரை இருக்கிறதா, பிஞ்சுக் கத்திரி வருமா என்று அவர்களே கேட்டார்கள். கேட்டதை விதைத்தோம்.

போன வருடம் அந்தக் குடியிருப்புக்காரர்கள் மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் எங்கள் தோட்டத்தில் இறங்கினார்கள். மூத்தவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். குழாயைத் தூக்கிக் காட்டினார். மண்ணைக் கிளறி ஈரத்தைத் தொடச் சொன்னார். என்னமோ அவரே கண்டுபிடித்தது மாதிரி. இதில் உங்கள் தோட்டம் எது என்று ஒருவர் கேட்டார்.

"எரடூ நம்தே" என்றார் கன்னடத்தில். இரண்டும் எங்களுடையதுதான்.

பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், தட்டை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பக்கம் நடந்துவிட்டேன்.

இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்களும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். யார் எந்தப் பாத்தியில் எதை நடுவது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறோம். கடைசி முடிவு அக்காவுடையது. மைசூரில் இன்னொரு குடியிருப்பிலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள். பீன்ஸ் கொஞ்சம் தேறட்டும், வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.