நானூற்றுப் பன்னிரண்டு பாட்டின் எடை

சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்ததும் தராசுக்காரர் உடனே உட்கார்ந்துவிடமாட்டார். தட்டை வலது உள்ளங்கையில் ஏந்தி இரண்டு முறை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார்.

"நேத்தைவிட இருபது கிராம் கம்மி."

"பசிச்சா கேட்டு வாங்கிக்கங்க. அதுக்கு எதுக்கு கிராம் பேச்சு?" என்பாள் மனைவி.

இருபத்தாறு வருஷமாக இதே பேச்சு. இரண்டு பேருக்கும் இன்னும் அலுக்கவில்லை.

கடைகளில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்த்து, எடை சரிதான் என்று சான்றிதழ் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். காய்கறிக் கடைக்கும் பழைய பேப்பர் கடைக்கும் நகைக்கடைக்கும் அவர் இல்லாமல் ஆகாது. அதற்காக அவரைக் கண்டால் யாரும் சிரித்த முகம் காட்டுவதில்லை. எடைக்கற்களை வெல்வெட் வைத்த மரப்பெட்டியில் கொண்டுபோவார். விரலால் தொடமாட்டார், துணியால்தான் எடுப்பார். விரலின் வியர்வைகூட எடையில் ஏறிவிடுமாம். யாராவது கோபமாகப் பேச்சை எடுத்தால், நிறுக்கும் முன் தராசைச் சைபருக்குக் கொண்டுவருவதுபோல் கையை உயர்த்துவார். "முதல்ல சைபருக்கு வாங்க. அப்புறம் பேசலாம்."

பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆசையாகத் தூக்கிக் கொஞ்சுவார். இறக்கிவிடும்போது தாயிடம், "ஆறு கிலோ எழுநூறு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் அவள் ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து, ஆறு எழுநூற்றைம்பது என்றாள். தராசுக்காரர் அசரவில்லை. "சாக்ஸைக் கழட்டாம நிறுத்திருப்பாங்க" என்றார். உண்மையில் கழற்றவில்லைதான். அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் எமனாக வந்து வாய்த்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து, தலை துவட்டி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சான்றிதழ் அடிக்க அரைமணி நேரம். அவரும் சும்மா இருக்கவில்லை. வேகத்தை இலவசமாகக் கூட்டித் தருகிறோம் என்று திரையில் எது எட்டிப் பார்த்தாலும் 'சரி' என்று அழுத்தினார். ஒன்றுக்குக் கேட்கவில்லையென்றால் இன்னொன்று. மருந்துதானே, உடம்பில் ஒட்டாமலா போகும் என்று நம்பினார்.

கம்ப்யூட்டர் இருப்பது மனைவியின் தையல் அறையில். அவள் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். நாலு வருஷமாக ஒன்றொன்றாகப் பாட்டுகளை இறக்கிச் சேர்த்து வைத்திருந்தாள், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. காலருக்கு ஒரு பாட்டு, கை வைக்க ஒரு பாட்டு, பட்டனுக்குக் காஜா எடுக்க ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் காலர் முடிந்தாக வேண்டும். அவளுக்குக் கடிகாரமும் அதுதான், துணையும் அதுதான்.

தராசுக்காரரின் சந்தேகம் அந்தப் பாட்டுகள் மேல் விழுந்தது.

"அத்தனையையும் முதுகுல ஏத்திவிட்டா அது எப்படிம்மா ஓடும்?"

"பாட்டுக்கு ஏதுங்க எடை?"

"எடை இல்லாத பொருள் உலகத்துல உண்டா?"

"ஏன் இல்லாம? நீங்க பேசற பேச்சு இருக்கே."

சந்தேகம் வந்தால் மற்றவர்கள் விவரம் தெரிந்த ஆளைக் கேட்பார்கள். தராசுக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றித் தூக்கிவந்து தராசில் வைத்தார். ஒன்பது கிலோ நானூற்று எண்பது. வருஷப் பிறப்பன்று வீட்டுச் சாமான்களையெல்லாம் நிறுத்து காலண்டர் அட்டையின் பின்னால் குறித்து வைப்பது அவர் வழக்கம். (நிறுத்து என்ன செய்வார் என்று கேட்காதீர்கள், மனைவியே கேட்பதை விட்டுவிட்டாள்.) அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்பது கிலோ நானூற்று நாற்பத்தைந்து! ஆறே மாதத்தில் முப்பத்தைந்து கிராம் ஏறியிருக்கிறது. அதே ஆறு மாதத்தில் பாட்டும் முந்நூற்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஏறியிருக்கிறது. இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்?

"எடை பொய் சொல்லாது" என்றார்.

"எடை எதுவும் சொல்லலைங்க. நீங்கதான் சொல்றீங்க" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடியே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தராசுக்காரர் ஒரே பிடியாகப் பிடித்துப் பாட்டுகள் அத்தனையையும் திரையில் இருக்கும் குப்பைத் தொட்டியில் தள்ளினார். பெட்டியை நிறுத்தார். ஒன்பது நானூற்று எண்பது. அட, தொட்டி பெட்டிக்குள்ளேதானே இருக்கிறது! குப்பையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வீடு சுத்தமாகிவிட்டது என்றால் ஆகுமா? தொட்டியையும் காலி செய்யப் போனார். நிரந்தரமாக அழிக்கவா, திரும்பக் கிடைக்காதே என்று அதுவே ஒருமுறை கேட்டது. தராசுக்கு முத்திரை குத்துகிற கையால் 'ஆம்' என்று குத்தினார்.

மறுபடி நிறுத்தார். ஒன்பது நானூற்று எண்பது.

தராசு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி மரப்பெட்டியைத் திறந்து எடைக்கற்களை வைத்துப் பார்த்தார். தராசு ஒரு கிராம் பிசகவில்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். அது எப்போதும்போல அவரைக் குளிக்கப் போகச் சொன்னது.

மாலையில் அவள் வந்தாள், பார்த்தாள்.

"எல்லாமா?"

"எல்லாம்."

அவள் கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். சைபருக்கு வா என்று சொல்லவாவது வாய்ப்புக் கிடைத்திருக்கும். அவள் பேசாமல் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாளைக்கு அந்த அறையிலிருந்து மிஷின் சத்தம் மட்டும் வந்தது, அதுவும் விட்டுவிட்டு. தட்டு வந்தது, கையில் ஏந்தி "பத்து கிராம் ஜாஸ்தி" என்றார். யாரும் பதில் சொல்லாத எடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் விரித்தாள். இரண்டு பக்கமும் இடது கை.

"இருபது வருஷத்துல இப்படித் தைச்சதில்ல. நான் எண்ணித் தைக்கிறவ இல்லீங்க. பாட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தைக்கிறவ. திங்கட்கிழமை நாப்பது சட்டை கொடுத்தாகணும், ரெண்டு கூட உருப்படியா முடியல."

தராசுக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பெண்ணைக் கையோடு அழைத்துவந்தார்.

அந்தப் பெண் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே விசிறியே தெரியவில்லை. வெள்ளையும் கருநீலமுமாகத் துணிப்பஞ்சு மெத்தையாக அடைத்துக் கிடந்தது. சீருடைத் துணியின் நிறம்தான். தராசுக்காரர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. "அப்ப இது தையல்னால..." என்று ஆரம்பித்தவர் மனைவியின் கண்ணைப் பார்த்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

பெண் பஞ்சை எடுத்து, ஊதித் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு பாதிதான் சார். வேகம் கூட்டறேன்னு சொல்லிக்கிட்டு ஏழு புரோகிராம் உள்ள உட்கார்ந்திருக்கு. ஏழும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டிருக்கு. யாரு சார் இதையெல்லாம் ஏத்தினது?"

தராசுக்காரர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, "பாட்டு நிறைய இருந்தாலும் ஸ்லோ ஆகும் இல்லையாம்மா?" என்றார்.

"பாட்டு என்ன சார் பண்ணப் போகுது? இறங்கும்போது நெட்டைக் கொஞ்சம் இழுக்கும். இறங்கினப்புறம் தேமேன்னு ஒரு மூலையில கிடக்கும். இடம் நிறைஞ்சு வழிஞ்சாத்தான் தொல்லை. உங்க டிஸ்க்ல முக்கால்வாசி காலியா கிடக்கு."

"அழிச்சதை மீட்க முடியுமா?"

"சாதாரணமா பார்க்கலாம் சார். ஆனா இந்த ஏழுல ஒண்ணு தினமும் காலி இடத்தையெல்லாம் துடைச்சு வச்சிருக்கு. சுத்தமா துடைச்சிருக்கு."

ஏழையும் நீக்கிவிட்டு அவள் போனபின், தராசுக்காரர் பழக்கதோஷத்தில் பெட்டியை ஒருதரம் நிறுத்துப் பார்த்தார். ஒன்பது கிலோ நானூற்று நாற்பத்தைந்து. எடை பொய் சொல்லியிருக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டியை மாட்டி, மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். குளிக்கக் கிளம்ப நேரம் கொடுக்காமல் திரை திறந்துகொண்டது. பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சைபர்லேர்ந்து ஆரம்பிக்கலாம்மா. முதல் பாட்டு எது?"

மிஷின் நிற்கவில்லை. அதன் சத்தத்துக்கு நடுவிலேயே "காலர் பாட்டு" என்று வந்தது பதில்.

"அது எதுன்னு எனக்கு என்ன தெரியும்?"

"நாலு வருஷமா அடுத்த ரூம்ல உட்கார்ந்து கேட்டீங்களே."

தராசுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு கரகரத்த குரலில், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரியை முனகினார். மிஷின் நின்றது.

"ரெண்டாவது வரி தப்பு" என்றாள் அவள். திருத்திப் பாடிக் காட்டினாள்.

அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டித் தேடிப் பிடித்தார். பாட்டு இறங்க ஆரம்பித்தது. திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தராசுக்காரர் குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஒரு விரற்கடை உயரம் தூக்கி, பாட்டு முழுசாக வந்து இறங்குகிறவரை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.