மச்சான் படகுக்குத் தரகு

படகுத் தரகருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் பம்பரம்தான். டீயை நின்றுகொண்டே குடிப்பார். பாதியில் எதையாவது நினைத்துக்கொண்டு கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். படகுத்துறையின் இந்த முனையில் 'ஹலோ' என்று ஆரம்பித்தால் 'சரி, வச்சிடுறேன்' என்று சொல்லும்போது அந்த முனையில் நிற்பார்.

முன்பு அவர் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் முன்படிக்கட்டில் நின்ற ஒருவர் தன் படகை விற்க வேண்டும் என்று புலம்பினார். அதே பஸ்ஸின் பின்சீட்டில் இன்னொருவர் படகு வாங்க அலைவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பம்பரம் இரண்டு பேரையும் பிடித்துப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். கடைசி நிறுத்தம் வருவதற்குள் பேரம் படிந்துவிட்டது. அந்தப் பஸ் கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது கையில் வேறு தொழில் இல்லாததால் இதையே பிடித்துக்கொண்டார்.

படகு விற்றுக் கொடுக்கும் அவருக்குக் கடல் மட்டும் ஒத்துக்கொள்ளாது. கட்டிப்போட்ட படகில் ஏறிப் பலகை பலகையாகக் காட்டுவார். கயிற்றை அவிழ்த்தால் இறங்கிவிடுவார். "ஓட்டிப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்பார். வாங்க வந்தவர்கள் திரும்பி வருவதற்குள் துறையை நாலு சுற்று சுற்றியிருப்பார்.

அவரைத் தூக்கி நிறுத்தியது மனைவியின் அண்ணன். பஸ் வேலை போனபோது தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்து, "சம்பாதிக்கும்போது வாடகை பாத்துக்கலாம் மாப்ள" என்றவர். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பேச்சு எழவில்லை. மாடியிலேயே இருந்துவிட்டார்கள். கூடத்தில் மனைவியின் தையல் மெஷின், வாசலில் இவருடைய செருப்பு. அந்தச் செருப்பு ஒரு இடத்தில் கிடந்ததில்லை.

அந்த மச்சானிடம் ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. கடலுக்குப் போய் முதுகு போய்விட்டது, இரும்புக்கடை வைக்கப் போகிறேன், படகைத் தள்ளிவிடு என்று பம்பரத்திடம் சொன்னார். பம்பரத்துக்கு உச்சி குளிர்ந்தது. பட்ட கடனுக்குப் பதிலாக நல்ல விலைக்கு முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஓடினார்.

கிடைத்தவள் ஐஸ்காரம்மா. துறைமுகத்துப் படகுகள் எல்லாவற்றுக்கும் ஐஸ் போடுகிறவள். நொறுக்கிய ஐஸில் நின்று நின்று பாதம் வெளுத்துப் போனவள். "எத்தனை காலத்துக்கு ஊரான் மீனுக்கே குளிர் காட்டுறது? சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன். மருமகன் ஓட்டுவான்" என்றாள்.

மச்சான் படகைக் காட்டினார். ஐஸ்காரம்மாவும் மருமகனும் ஏறி ஓட்டிப் பார்த்தார்கள். இஞ்சின் சீராக உறுமியது. கரைக்கு வந்ததும் அவள் பம்பரத்தைத் தனியே கூப்பிட்டாள்.

"எனக்கு இஞ்சின் கிஞ்சின் ஒண்ணும் தெரியாது அண்ணே. மருமகனுக்கு ஓட்டத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, வாங்கலாமா?"

"தாராளமா வாங்கலாம்மா. நான் பொறுப்பு."

முன்பணம் கைமாறியது. அடுத்த வாரம் ஒப்படைப்பதாகப் பேச்சு.

அந்த ஒரு வாரத்தைச் சும்மா கழிக்க பம்பரத்தால் முடியவில்லை. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலை, வேலை ஒன்றும் இல்லாமலே படகுக்குப் போனார். இஞ்சின் அறை மூடியைத் தூக்கிப் பார்த்தார். இஞ்சின் பளபளவென்று பச்சையாக இருந்தது. பரவாயில்லையே, மச்சான் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறாரே என்று தடவிப் பார்த்தார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

துடைக்க மண்ணெண்ணெய் கேட்டு மெக்கானிக் பட்டறைக்குள் நுழைந்தார். மெக்கானிக் அவருடைய விரலைப் பார்த்துச் சிரித்தான்.

"என் டப்பா பெயிண்ட்டாச்சே இது. நல்லா மூடியிருக்கா? துருவெல்லாம் தெரியலையே?"

"எந்தத் துரு?"

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். உங்க மச்சான்தான் நல்ல இஞ்சினைக் கழட்டி வித்துட்டு, இங்க மூலையில கிடந்த பழசை மாட்டச் சொன்னாரு. வீட்டுக்குள்ள பேசி வச்சதுன்னு நினைச்சேன்."

பம்பரம் மண்ணெண்ணெயை வாங்காமலே வெளியே வந்தார். மீன் ஏலக்கூடம் வரை போனார். ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். ஐஸ் ஆலை இருக்கும் தெருவுக்குள் நுழைந்து, வாசலில் அவள் நிற்பதைப் பார்த்ததும் அடுத்த சந்தில் ஒதுங்கினார். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் மச்சானின் புதுக் கடைக்குப் போனார். மச்சான் ஸ்டூலில் ஏறி நின்று சுவரில் அலமாரி பொருத்திக்கொண்டிருந்தார்.

"மச்சான், இஞ்சினை மாத்திட்டீங்களாமே."

மச்சான் திரும்பவில்லை. "கடைக்கு முதல் வேணாமா? படகு பேசினது படகுக்கு. எந்த இஞ்சின்னு எழுதியா குடுத்தோம்?"

"அவ ஓட்டிப் பாத்தது வேற இஞ்சின்."

"அவளுக்கு இஞ்சினும் ஒண்ணுதான், ஐஸ் பெட்டியும் ஒண்ணுதான். நீ சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் வாங்குறா. நீ வாயைத் திறக்காம இருந்தா எல்லாம் நல்லபடியா முடியும்."

"நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன் மச்சான்."

மச்சான் அப்போதுதான் இறங்கி வந்தார். குரல் உயரவில்லை. "நீ நடுத்தெருவுல நின்னப்ப நான் பொறுப்புன்னு சொன்னது யாரு மாப்ள?"

பம்பரம் கடைப் படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்தார். கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தார். மனைவி தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கால்ல முள்ளா, மனசுல முள்ளா?"

சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் கேட்டு முடித்ததும் துணியில் இருந்த ஊசியை மெதுவாக உருவினாள்.

"அவர் எனக்கு அண்ணன். சொல்லாதீங்கன்னு என் வாயால வராது. சொல்லுங்கன்னும் வராது. ரெண்டுல எதைச் சொன்னாலும் நாளைக்கு நீங்க அதை என் தலையில கட்டுவீங்க. உங்க தொழில், நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடுவாள் என்று நம்பி வந்தவருக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று. சாப்பாட்டில் கை வைத்தார், எழுந்தார், மறுபடி வைத்தார். தூக்கமும் அப்படித்தான்.

காலையில் துறையில் எல்லோரும் கூடினார்கள். மருமகனுக்கு ஐஸ் லாரியில் வேலை. ஐஸ்காரம்மா மட்டும் வந்திருந்தாள். மீதிப் பணம் அவள் பையில் இருந்தது. "கடைசியா ஒரு சுத்து போயிட்டு வந்து குடுத்துடுறேன்" என்றாள். மச்சான் கயிற்றை அவிழ்த்தார். பம்பரம் வழக்கம்போலக் கரையில் நின்றார். படகு ஒரு முழம் விலகியது. அந்த இடைவெளியைப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தாவிவிட்டார்.

"நீ எதுக்கு?" என்றார் மச்சான்.

"சும்மாத்தான்."

துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் பம்பரத்தின் முகம் மாறிவிட்டது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த டீயைக் கடலுக்குக் கொடுத்தார். ஐஸ்காரம்மா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவள் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னார். இஞ்சின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன அண்ணே?"

"இது அன்னைக்குப் பாத்த இஞ்சின் இல்லம்மா!"

அவர் கத்திய அந்த நேரத்தில்தான் மச்சான் இஞ்சினை நிறுத்தினார். கடைசி வார்த்தை வெட்டவெளியில் தனியாக விழுந்தது.

படகு ஆடியது. பம்பரத்துக்கு எழுந்து போக வேண்டும்போல் இருந்தது. போக எங்கே இடம்? நாலு அடி வைத்தால் தண்ணீர். வலைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஐஸ்காரம்மா மச்சானைப் பார்த்தாள். "அப்படியா?"

மச்சான் பம்பரத்தைத்தான் பார்த்தார். "பாவி" என்றார்.

"அவரை விடுங்க. அன்னைக்குப் பாத்த இஞ்சினை வச்சுக் குடுங்க, இல்ல என் முன்பணத்தைக் குடுங்க."

"அது வித்தாச்சு."

"அப்போ பணம். கரைக்கு விடுங்க."

மச்சான் இஞ்சினைக் கிளப்பினார். அது இருமியது. மறுபடி கிளப்பினார். கறுப்புப் புகை கக்கிவிட்டு அடங்கியது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இஞ்சின் அறைக்குள் இறங்கினார், ஏறினார், இறங்கினார். கை முழுக்கப் பச்சை. படகு தன்போக்கில் பாறைகள் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. பம்பரம் நங்கூரத்தைத் தேடி எடுத்து மச்சானிடம் நீட்டினார். மச்சான் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் கடலில் போட்டார். பிடித்தது.

ஐஸ்காரம்மா கைப்பேசியை எடுத்துத் தன் வாடிக்கைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் படகைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். மச்சானின் படகு இழுபட்டு உள்ளே வருவதைத் துறைமுகமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. மச்சான் தலை குனியவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் பம்பரத்துக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

முன்பணம் அன்று மாலையே திரும்பிப் போய்விட்டது. மச்சான் மாடியைக் காலி பண்ணச் சொல்லவில்லை. படிக்கட்டு விளக்கை மட்டும் அணைத்து வைத்தார். அடுத்த மாதமே பம்பரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பார்த்தார். தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது மனைவி அழுதாள். ஆனால் அவரைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தொழில் இரண்டாகப் பிளந்தது. வாங்க வருகிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். விற்கிறவர்களில் பாதிப் பேர், "சொந்த மச்சானையே கவுத்தவன், நம்மள விடுவானா?" என்று வேறு தரகரிடம் போனார்கள். ஐஸ்காரம்மாவுக்கு மட்டும் ஒரு படகு அமைந்தது. மச்சானுடையதைவிடச் சின்னது, பார்க்க லட்சணமாகவும் இல்லை. மூன்று மெக்கானிக்குகளைக் கூட்டிப்போய்க் காட்டிய பிறகே பம்பரம் அதற்குத் தலையாட்டினார். மச்சான் படகு எங்கோ வெளியூர்க்காரர் கைக்கு, வந்த விலைக்குப் போயிற்று.

மனைவி மாதம் ஒருமுறை அண்ணன் வீட்டுக்குப் போவாள். பம்பரம் தெருமுனை வரை கூடப் போய், அவள் திரும்பும்வரை அங்கேயே நடந்துகொண்டிருப்பார். நேற்றும் அப்படித்தான். அவள் வந்ததும் வாயைக் கிளறினார்.

"ஏதாவது சொன்னாரா?"

"கடை நல்லா ஓடுதாம்."

"என்னப் பத்தி?"

"நீங்க படகுல வாந்தி எடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தார்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சார்."

"எப்படிச் சிரிச்சார்? கிண்டலாவா, இல்ல சும்மாவா?"

"எனக்கென்ன தெரியும்? சிரிப்பு சிரிப்புதான்."

பம்பரம் நின்றார். அந்த வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். மனைவி தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, முடிவு பண்ணட்டும் என்று காத்திருந்தாள்.