கறுப்புக் காரை மறிச்ச பாவு

கஞ்சித் தண்ணி வாசனை… வெயில் ஏறாத காலை நேரம். தெரு நெடுக நூல். அந்த அமைதியில ஒரு காரோட ஹாரன் சத்தம். விட்டு விட்டு அடிச்சுக்கினே இருந்துச்சு. இப்ப நெனச்சாலும் பயமா இருக்குது.

போன ஞாயித்துக்கிழம ஒரு படம் பார்த்தேன். அதுலேருந்து இதே ஞாபகம்தான்.

என் பேத்தி சென்னையில சினிமா படிக்குது. அஞ்சாங்கிளாஸோட நின்னவளோட பேத்தி காலேஜ்ல சினிமாவையே பாடமா படிக்குது… பெருமையா இருக்குது, சொல்லிக்கிறேன். லீவுக்கு வந்தவ டிவியில ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டா. கறுப்பு வெள்ளை. அமெரிக்காவுல வேலைவெட்டி இல்லாம ஜனங்க கஞ்சிக்கு வரிசையில நின்ன காலத்துக் கதையாம். பக்கத்துல உக்காந்து அவளே தமிழ்ல சொல்லிக்கினு வந்தா.

ஃபேக்டரிய மூடிடுறாங்க. வேலை போன ஒரு வாலிபன் வாசப்படியில உக்காந்திருக்கான். அங்கேயும் அப்ப சாராயத்துக்குத் தடையாம். சாராயம் கடத்துறவங்களோட கறுப்புக் கார் ஒண்ணு வந்து அவன ஏத்திக்கினு போவுது. மொதல்ல வண்டி ஓட்டுறான். அப்புறம் புது கோட்டு. அப்புறம் துப்பாக்கி. கடைசியில மழையில, நடுத்தெருவுல சுருண்டு கெடக்குறான்.

நான் கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

"ரவுடி செத்ததுக்கு ஏன் ஆயா அழுவுற?"

அவன் ரவுடியாவா பொறந்தான்… படம் எடுத்த மனுஷனுக்கு அது தெரிஞ்சிருக்குது. பசியக் காட்டிட்டுத்தான் துப்பாக்கியக் காட்டுறான். அவன் செஞ்சது சரின்னும் சொல்லல. அவன மட்டும் குத்தம் சொல்லிட்டு ஒதுங்கிக்கவும் இல்ல. அம்மாக்காரி புது கோட்டத் தடவிப் பார்ப்பா, ஏதுடா இதுன்னு கேக்க மாட்டா. எனக்கு அந்த எடந்தான் தாங்கல. ஒருத்தராவது குறுக்க நின்னிருக்கலாமே…

எங்க தெருவுல நின்னாங்க.

கல்யாணம் ஆகி, பட்டு நெய்யறவங்க இருக்கற பிள்ளையார்பாளையத்துக்கு நான் வந்த புதுசு. பட்டுநூல் வெல எகிறி, முதலாளிங்க பாவு குடுக்கறத நிறுத்திட்டாங்க. வூட்டுக்கு வூடு தறி சும்மா நின்னுச்சு. மதுவிலக்கு இருந்த காலம். லாரி டியூப்ல சாராயம் கட்டி ஊர் ஊரா அனுப்பினு இருந்தான் ஒருத்தன். டியூப் மணின்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க. அடுத்த தெரு நெசவுக்காரர் புள்ள. எங்க வூட்டுக்காரரோட சின்ன வயசு கூட்டாளி.

"தறி எப்ப ஓடுறது, நீ எப்ப சாப்புடுறது? எங்கூட சாராய வண்டிக்கு வந்துடு. நாளைக்குக் காலையில வரேன், ரெடியா இரு"ன்னு இவருகிட்ட சொல்லிட்டுப் போயிட்டான். இவரும் சரின்னுட்டாரு. நான் அழுதேன். என் மாமியார் அழல. முந்தானைய இழுத்துச் சொருவிக்கினு தெருவுல எறங்கிப் போனாங்க. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு என்னமோ பேசிட்டு வந்தாங்க.

விடிஞ்சு பார்த்தா தெரு முழுக்கப் பாவு நீட்டியிருக்குது.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். பாவுன்னா தறியில நீளவாக்குல போற நூலு. தெருவுல நீட்டி, கஞ்சி தெளிச்சு, காய வெச்சு சுத்துவோம். நீட்டின பாவ யாரும் தாண்டக்கூடாது. வண்டியா இருந்தாலும், பெரிய மனுஷனா இருந்தாலும், அது காயற வரைக்கும் நிக்கணும்.

இவரு வெள்ளச் சட்ட போட்டுக்கினு வெளிய வந்தாரு. "டேய், அந்தக் கட்டையக் கொஞ்சம் புடி"ன்னாங்க மாமியார். பாவோட முனையில கோத்திருந்த அந்தக் கட்டையப் புடிச்சுக்கினு நின்னாரு.

நானும் அறுந்த இழைய முடிச்சுப் போட உக்காந்தேன். கைய வெச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. இது மூணாம் வூட்டுப் பாவு, தெருவுலயே மிச்சமிருந்த ஒண்ணு. நேத்தே கஞ்சி போட்டு, காஞ்சு, சுத்தி வெச்சது. வாசனைக்கு மேலாக்க நாலு சொட்டு கஞ்சித் தண்ணிய தெளிச்சிருக்காங்க.

மணியோட கறுப்புக் கார் வந்துச்சு. ஹாரன் அடிச்சான். ஒருத்தரும் தலையத் தூக்கல. "கொஞ்சம் இருப்பா, காயட்டும்"னு ஒரு கெழவர் பல்லு வெளக்கினே சொன்னாரு.

மணி எறங்கி வந்தான். செருப்பக் கழட்டிட்டுத்தான் பாவுகிட்ட வந்தான். ஒரு எடத்துல இழை அறுந்திருந்துச்சு. குந்தினு, எச்சில் தொட்டு, அதை முடிஞ்சு விட்டான். பழக்கம்.

"கை மறக்கலடா மணி உனுக்கு"ன்னாங்க மாமியார். "பாவுதான் இன்னும் காயல."

அவன் உள்ளங்கையால பாவ மெதுவா தடவிப் பார்த்தான். நூல் சருகாட்டம் காஞ்சு கெடக்குது, அவனுக்குத் தெரியாதா.

மாமியார் மொகத்தப் பார்த்தான். சிரிச்சான்.

"ஆமா பெரிம்மா. இது காய ரொம்ப நாளாவும் போலருக்குது."

செருப்பக் கையில எடுத்துக்கினு போயிட்டான். கார் ரிவர்ஸ்லயே திரும்பிப் போச்சு. அப்புறம் எங்க தெருவுக்கு அவன் வரவே இல்ல.

அந்த மழைக்காலத்துலயே, போலீஸ் தொரத்தி, தென்னேரி ஏரிக்கரையில கார் கவுந்துச்சு. உள்ள இருந்தவங்க யாரும் வூடு திரும்பல. மணியுந்தான். மாமியார் அன்னிக்கு உலை வெக்கல. அவனுக்குப் பாவு நீட்ட யாருக்கும் தோணலையேன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க.

இப்ப எங்க தெருவுல ரெண்டு பக்கமும் பைக் நிக்குது. பாவு நீட்ட எடமில்ல. புள்ளைங்கள இழுத்துக்கினு போவ வாசலுக்குக் கார் வரவும் வேணாம், போன்லயே கூப்புடுறாங்க. யார் எங்க போறாங்கன்னு பக்கத்து வூட்டுக்கே தெரியல. ஆனா பசின்னு யாரும் எங்க வூட்லேருந்து கெளம்ப வேண்டியதில்ல. அந்த மட்டுக்கும் நிம்மதி.

படம் முடிஞ்சதும் பேத்திகிட்ட இதெல்லாம் சொன்னேன். தாத்தாவுக்கு இது தெரியாது, அவரு ஈரப்பாவுன்னு நெனச்சுதான் நின்னாருன்னேன். இத்தன வருஷம் நான் அப்படித்தான் நெனச்சினு இருந்தேன்.

அவரு நாற்காலியில கண்ண மூடினு இருந்தாரு. தூங்குறாருன்னு நெனச்சேன்.

"கட்டை என் கையில இருந்துச்சு. ஈரப்பாவு எவ்ளோ கனம் கனக்கும்னு எனக்குத் தெரியாதா?"ன்னாரு. "கீழ வெச்சா மணிகூட போவணும். அதான் வெக்கல."

சொல்லிட்டு காபி கேட்டாரு. போட்டுக் குடுத்தேன்.