எட்டு இல்லாத கட்டம்

பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வைரவனுக்கு நாணயஸ்தன் என்று பேர். பத்து வருஷத்தில் அவன் சேர்த்த சொத்து அது ஒன்றுதான். அதனால்தான் சோழவரத்தில் கார் ரேஸ் வந்தால், கட்டம் நடத்துகிற வேலையை எல்லோரும் அவன் தலையில் கட்டினார்கள்.

கட்டம் ஒன்றும் பெரிய பிரம்மவித்தை இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துக்குப் பத்து, நூறு கட்டம். கட்டத்துக்கு இரண்டு ரூபாய்; பிடித்த இடத்தில் பேரை எழுதிக்கொள்ளலாம். நூறும் நிரம்பிய பிறகுதான் சைபர் முதல் ஒன்பதுவரை சீட்டெழுதிக் குலுக்கி, மேல்வரிசைக்கும் பக்கவரிசைக்கும் எண் போடுவது. முதலில் வந்த காரின் கடைசி எண் மேலே, இரண்டாவது காரின் கடைசி எண் பக்கத்தில். இரண்டும் சேருகிற கட்டத்துக்காரருக்கு மொத்தப் பணமும்.

அதில் ஒரு தலைவலி. எட்டு விழுந்தவர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். சனியன் எண்ணாம். போன வருஷம் நாலு பேர் காசைத் திருப்பிக் கேட்டு வாசலில் நின்றார்கள். இந்த எழுபத்தொன்றில் வைரவன் ஒரு காரியம் செய்தான், படுபாவி. எட்டுச் சீட்டை எழுதவே இல்லை. பதிலுக்கு ஏழாம் எண்ணை இரண்டு தரம் எழுதினான். ரேஸ்காரனுக்கும் உயிர்ப் பயம் இருக்காதா, எட்டை எவன் காரில் ஒட்டுவான் என்று நினைப்பு. ஏழு வந்தால் பங்கு பிரித்துவிடலாம். தாளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவரவர் எண்ணை மட்டும் சொல்லி அனுப்பினான். அவன் வழக்கமாக வாங்குகிற ஒரு கட்டம் இரண்டாவது ஏழின் கீழ் விழுந்தது. அப்போதாவது அவன் யோசித்திருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தது பதினெட்டாம் நம்பர் கார்.

திங்கள் காலை கடை திறந்ததும் பக்கிரி வந்தான். நொச்சிக்குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவன். குப்பத்து ஜனங்களுக்காக இருபது கட்டம் வாங்கியவன். அவன் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பின்னால் முப்பது பேர் நின்றார்கள்.

"எட்டு யாருக்கு வுழுந்துச்சுன்னு அல்லார்கிட்டயும் கேட்டுக்கினு வரேன் நைனா. ஒருத்தனும் இல்ல. தாளைக் காட்டு."

வைரவன் பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினான். பக்கிரி இரண்டு ஏழுகளையும் விரலால் தொட்டான். இரண்டாவது ஏழுக்குக் கீழே இருந்த பேரையும் தொட்டான்.

"இது நீ தானே?"

"எட்டு ஆகாதுன்னுதான் எடுத்தேன் அண்ணே. சத்தியமா அதுக்குத்தான்."

அவன் திருப்பிக் கொடுத்த நோட்டை ஒவ்வொருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி முத்துலட்சுமியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். இவளாவது நம்புவாள் என்று பாவம் அவனுக்கு ஆசை. கேட்டு முடித்ததும் அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. மத்த வருஷமெல்லாம் எவ்வளவு எடுத்தீங்க?"