கூலருக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பையன்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என்னை அழித்துவிட வேண்டும், அதற்கு ஒரு சிபாரிசு வேண்டும் என்றார்கள். யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? என்னிடமே!

பயப்படாதீர்கள். ரப்பரால்தான். என் பெண் சுமதி வரைந்த டிராயிங் ஷீட்டில் நான் இருக்கிறேன். அதிலிருந்து என்னை எடுத்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்கள் குழுவில் நாலு பேருக்கும் மார்க் கிடையாதாம்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

சுமதி இந்த வருஷம்தான் இன்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அவள் வகுப்பில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "பொம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் பிளாக்கே ஒருமுறை விசாரித்துவிட்டுப் போய்விட்டது. ஒரு பாடத்தில் சறுக்கினால் போதும், "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிக்க ஆட்கள் தயார். எப்படியாவது முதல் வருஷத்தை நல்லபடியாகத் தாண்டிவிட வேண்டுமே என்பதுதான் என் கவலை.

எடுத்த எடுப்பிலேயே டிசைன் என்று ஒரு பாடம். நாலு நாலு பேராகச் சேர வேண்டும். யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய், அங்கே என்ன கஷ்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கஷ்டம் தீர ஒரு வழி யோசித்து, அதைப் படமாக வரைய வேண்டும். உபயோகிக்கிற ஆளையும் படத்தில் காட்ட வேண்டும் - இது லெக்சரரே சொன்னது.

கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்பதற்கு ஒரு படிப்பே வந்துவிட்டதா! கல்யாணமான நாளிலிருந்து இதற்குத்தானே காத்துக்கொண்டிருக்கிறேன்?

எங்கள் வீடு காலேஜுக்குப் பக்கம். அதனால் கஷ்டம் கேட்க முதல் தடவை இங்கேயே வந்தார்கள். ஹர்ப்ரீத் என்று ஒரு சர்தார் பையன், மயூர் விஹாரிலிருந்து முரளி என்று நம்ம ஊர்ப் பையன், அப்புறம் வாயே திறக்காத இன்னொரு பையன். நல்ல பிள்ளைகள்தான். வந்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு நேராக ஹாலுக்குப் போய், என் வீட்டுக்காரரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அங்கிள், இந்த வீட்டுல மெயின் ப்ராப்ளம் என்ன?" என்று கேட்டான் முரளி.

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஆபீசில் பெரிய ஃபைல் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"இந்தக் கூலர்தாம்ப்பா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு கண் அசரலாம்னா முடியுதா? கடகடன்னு ஒரே சத்தம்!"

எழுதிக்கொண்டார்கள். நான் சமையலறையில் அவர்களுக்கு தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னிடம் அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஆன்ட்டி, தோடி சட்னி அவ்ர்?" இன்னும் கொஞ்சம் சட்னி வேண்டுமாம்.

டெல்லி கூலரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே, இரும்பு ஸ்டாண்டின் மேல் நிற்கிற பெரிய தகரப் பெட்டி அது. மூன்று பக்கமும் புல் அடைத்த தட்டி, அடியில் தண்ணீர், நடுவில் ஃபேன். ஈரக் காற்று ஜில்லென்று உள்ளே வரும். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குழாயில் காலையோடு சரி. பிறகு டிரம்மில் பிடித்து வைத்ததைத்தான் பக்கெட்டில் மொண்டு, பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய், ஸ்டூலில் ஏறி, தட்டியைத் தள்ளி, தோளுக்கு மேலே தூக்கி ஊற்ற வேண்டும். ஆபீசுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை. ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு தடவை. ஞாயிறு மத்தியானம் அவர் கண் அசருகிறபோது ஒரு தடவை. ஊற்றுகிற கை எது என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

நானும் சம்பளம் வாங்குகிறவள்தான். அமைச்சகத்தில் நாள் முழுக்க டைப் அடித்த கைதான் அந்தப் பக்கெட்டைத் தூக்குகிறது.

சுமதி அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். கஷ்டம் சத்தத்தில் இல்லை, தண்ணீர் ஊற்றுவதில்தான் இருக்கிறது, ஊற்றுகிற வாயைக் கீழே கொண்டுவர வழி பார்ப்போம் என்று. ஹர்ப்ரீத்துக்கு ஆச்சரியமாம்.

"அரே, வோ தோ ஆன்ட்டி கர் லேத்தி ஹைன்!"

அதைத்தான் ஆன்ட்டி செய்துவிடுகிறார்களே! எவ்வளவு நிம்மதியான பதில் பாருங்கள். ஆன்ட்டி செய்துவிட்டால் அது கஷ்டமில்லை. அங்கிள் தூக்கம் கெட்டால்தான் கஷ்டம். ஓட்டு எடுத்தார்களாம்... மூன்றுக்கு ஒன்று. ஸ்டாண்டின் காலுக்கு அடியில் ரப்பர் வைத்துச் சத்தத்தைக் குறைப்பது என்று முடிவாயிற்று. "உனக்குத்தான் லெட்டரிங் அழகா வரும்" என்று, படம் வரைகிற வேலையை மட்டும் பெரிய மனது பண்ணி என் பெண் தலையில் கட்டிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் "குடும்பத் தலைவரைப் பேட்டி கண்டோம்" என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களைச் சொல்லி என்ன பயன்? ஊரே இப்படித்தானே நடக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் எதையும் கேட்கிறார்கள். பஸ் படிக்கட்டின் உயரத்தைப் பாருங்கள். புடவை கட்டியவளைக் கேட்டு வைத்த உயரமா அது? ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் ஓட்டையைப் பாருங்கள். ஒரு நாளாவது ஊற்றிப் பார்த்தவன் அதை அத்தனை சின்னதாக வைப்பானா?

சுமதி ஷீட்டை விரித்தாள். வரைந்தாள். ஜன்னல், கூலர், ஸ்டாண்ட், ரப்பர் எல்லாம் சுத்தமாக. உள்ளே கட்டிலில் அவள் அப்பா. ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல், அதன் மேல் நான், கையில் தூக்கிய பக்கெட்.

லெக்சரர் பார்த்தார். "இந்தப் பெண்மணிக்கும் உங்கள் டிசைனுக்கும் சம்பந்தமில்லை. அழித்துவிட்டு திங்கட்கிழமை கொண்டுவா. இல்லாவிட்டால் குழுவுக்கே மார்க் இல்லை" என்றார். சுமதி முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படையெடுப்பு.

"ஆன்ட்டி, நீங்க சொன்னா கேப்பா ஆன்ட்டி. ஒரு சின்ன இரேஸ்தானே?" முரளியின் குரல் அழாத குறை.

"அழிச்சுட்டுப் போயேம்மா" என்றார் இவர். "அம்மா படத்துல இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? அதான் வீட்டுல இருக்காளே!"

"அம்மா சொல்லட்டும்" என்றாள் சுமதி. "அவளைத்தானே அழிக்கணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஷீட்டைப் பார்த்தேன். பக்கெட்டின் பாரத்தில் என் இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்திருந்தது. அதை இவள் எப்போது கவனித்தாள்? கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்?

கலங்கினால் மார்க் வந்துவிடுமா? சேர்ந்த முதல் மாதமே சண்டைக்காரி என்று பேர் வாங்கினால் மிச்ச வருஷங்களை எப்படி ஓட்டுவாள்? அந்தப் பையன்களும் யாரோ ஒருத்தி சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிற பிள்ளைகள்தானே? கோபத்தை விழுங்கிக்கொண்டேன். முழுவதும் இறங்கவில்லை.

"அழிச்சுடு" என்றேன்.

மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. சுமதியின் முகம்தான் விழுந்துவிட்டது.

"என்னை மட்டும் அழி. ஸ்டூலையும் பக்கெட்டையும் தொடாதே. பக்கெட் அங்கேயே, மேலயே நிக்கட்டும்."

முரளி விழித்தான். "யாரும் பிடிக்காம பக்கெட் எப்படி ஆன்ட்டி நிக்கும்?"

"உங்க சாரைக் கேளு. ஆளு வேண்டாம்னுதானே சொன்னார்? பக்கெட் வேண்டாம்னு சொன்னாரா?"

சுமதி சிரித்துக்கொண்டே ரப்பரை எடுத்தாள். ரொம்ப நிதானமாக, ஒரு கோடு மிச்சமில்லாமல் என்னைத் துடைத்து எடுத்தாள். பக்கெட் அந்தரத்தில் நின்றது. அவள் அப்பா கட்டிலில் சுகமாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வரும்வரை எனக்கு ஆபீசிலும் வேலை ஓடவில்லை. வீம்புக்கு எதையோ சொல்லிப் பெண்ணை மாட்டிவிட்டோமோ?

வந்தாள். ஷீட்டை விரித்தாள். பக்கெட்டைச் சுற்றி சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில், 'இதைத் தாங்குவது எது? காட்டவும்' என்று எழுதியிருந்தது. லெக்சரர் சுமதியைக் கேட்காமல் பையன்களைத்தான் கேட்டாராம். ஹர்ப்ரீத் முரளியைப் பார்க்க, முரளி கூரையைப் பார்க்க, வாயே திறக்காத அந்த மூன்றாவது பையன் எழுந்து நின்று, "ஆன்ட்டி, சார்" என்றானாம்.

வகுப்பே சிரித்ததாம். லெக்சரர் சிரிக்கவில்லை. "அப்படியானால் அவரைக் காட்டு. பிறகு மார்க் போடுகிறேன்" என்று ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காட்டு என்கிறார்! அவள் காட்டித்தானே இருந்தாள்? அழிக்கச் சொன்னது யார்? எனக்கு மறுபடி ஏறியது. உடனே காலேஜுக்குப் போய் அந்த மனிதரை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

"அதெல்லாம் அப்புறம்மா. போய் ஸ்டூல்ல ஏறி நில்லு. இந்தத் தடவை நேரா பாத்து வரையறேன்" என்றாள் சுமதி, பென்சிலைச் சீவிக்கொண்டே.

உள்ளே போய், பீரோவில் இருந்ததில் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினேன்.